முட்டைக்கும் முறை உண்டு

என் மகளுக்கு முப்பத்தாறாம் வயதில் மாதவிலக்கு அடியோடு நின்றுவிட்டது. மனைவி உயிரோடு இருந்திருந்தால் மகள் அவளிடம் சொல்லியிருப்பாள். நான் அடுத்த அறையில் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு பாதியைக் கேட்டும் கேளாததுபோல் இருந்திருப்பேன். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தபடியால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் கதிரையை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் சொல்லி முடியுமட்டும் விரலை வச்சு எண்ணிக்கொண்டிருக்காதேங்கோ."

எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மனம் கலங்கினால் எதையாவது எண்ணுவேன். யன்னல் கம்பிகள், கூரை ஓட்டில் பல்லிகள், எதிர் மலையில் எரியும் விளக்குகள். அன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மகள் சொன்னாள்: இரண்டு தடவை சூலகத்தில் கட்டி எடுத்ததில் மிஞ்சியிருந்ததும் வேலை செய்யாமல் போய்விட்டது. இனி அவளிடம் முட்டை இல்லை. ஆனால் கருப்பை நன்றாக இருக்கிறது. வேறொரு பெண்ணின் முட்டையை எடுத்து, மருமகனின் விந்தோடு வெளியே சேர்த்து, உருவாகும் கருவை இவள் வயிற்றில் வைக்கலாம். கண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் நிலையத்தில் அதைச் செய்கிறார்கள்.

"சுமக்கிறதும் பெறுறதும் நான்தான் அப்பா. தொடக்கம் மட்டும் வேற ஆளிட்ட."

போரின் கடைசி ஆண்டுகள் அவை. வடக்கே பாதை பூட்டியிருந்தது. கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடந்தது, சந்தை நடந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு பஸ் ஏறுகிறவர் எவரும் அன்றைய நாளைப் பற்றி முன்கூட்டியே ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் என் மகள் ஒரு பிள்ளைக்கு ஆசைப்பட்டாள். எனக்குப் பயம். பெருமையும்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் கண்டிக்கு வந்து, நொத்தாரிசாக வேலை பார்த்தவன். காணி உறுதிப் பத்திரம், ஈட்டு உறுதி, மரணசாதனம் என்கிற உயில், இவற்றை எழுதுவது என் தொழில். எண்பத்து மூன்று கலவரத்தில் என் கந்தோர் எரிந்தபோது மற்றவர்களின் உறுதிகளும் சேர்ந்து எரிந்தன. அதற்குப் பிறகு எழுதாத எதையும் நம்ப மாட்டேன். எழுதியதையும் முழுதாக நம்ப மாட்டேன். ஆகையால் மகள் சொன்னதைக் கேட்டவுடன் நான் நினைத்தது குழந்தையை அல்ல. அந்தக் குழந்தை யாருடையது என்று பிற்காலத்தில் எவராவது கேட்டால் என்ன செய்வது என்பதைத்தான்.

என்னிடமிருந்த சட்டப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தாருக்கான தேசவழமையில் இல்லை. கண்டிச் சிங்களவருக்கான கண்டியச் சட்டத்தில் இல்லை. உரோமன் டச்சுச் சட்டத்தில் எதிர்பார்க்கவே முடியாது. உடலுறுப்புகளைக் கொடுப்பது பற்றிய சட்டத்தையும் புரட்டினேன். அதை எழுதியவர்களின் மனதில் சிறுநீரகமும் கண்ணும்தான் இருந்திருக்கின்றன, முட்டை இருக்கவில்லை என்று எனக்குப் பட்டது. என்னோடு படித்த ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் சிரித்தார்.

"தகப்பன் ஆரெண்டுதான் சட்டம் சந்தேகப்படும். அதுக்குத்தான் கலியாணம் நிலைச்சிருக்கேக்க பிறந்த பிள்ளை புருஷன்ர பிள்ளையெண்டு எழுதி வச்சிருக்கு. தாயைப் பற்றி ஒருத்தனும் சந்தேகப்படேல்லை. பெத்தவள் தாய். வீட்ட போய்ப் படு."

வீட்டுக்குப் போனேன். படுக்கவில்லை.

நிலையத்து வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. மகளுக்கும் மருமகனுக்கும் அவர் நிபந்தனைகளைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். என்னை வெளியே இருக்கச் சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. முட்டை கொடுக்கிறவர் முப்பத்தைந்துக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. இரத்தப் பரிசோதனைகள் சரியாக வர வேண்டும். கணவனும் வந்து சம்மதம் எழுத வேண்டும். விற்பனை கூடாது, போக்குவரத்தும் மருந்தும் மட்டும்தான் எங்கள் பொறுப்பு. நிலையம் ஆள் தேடித் தராது. நாங்களே அழைத்து வர வேண்டும்.

ஆளுக்கு எங்கே போவது? உறவுப் பெண்களில் அந்த வயதுடையவர்களை எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர் கனடாவில், மூன்று பேர் லண்டனில், இரண்டு பேர் பூட்டிய பாதைக்கு அந்தப் பக்கம். போர் எங்கள் குடும்பத்தை எவ்வளவு தூரம் வாரி எறிந்திருந்தது என்பதை அன்றுதான் சரியாக உணர்ந்தேன். ஒரு முட்டை கேட்க ஒருத்தி இல்லை.

முட்டையைக் கொடுத்தவள் உறவுக்காரி அல்ல. என் மகளோடு கண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பிறகு சொந்த ஊரான புசல்லாவைக்கு இடமாற்றம் வாங்கிப்போன ஆசிரியை. வயது முப்பத்தொன்று, இரண்டு ஆண்பிள்ளைகள், கணவர் தபாற்கந்தோரில் வேலை. விடுமுறைக்கு விடுமுறை லீக்சும் கரட்டும் ஒரு பையில் நிறைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். மகளை "அக்கா" என்பாள், மருமகனை "அண்ணா" என்பாள், என்னை "அப்பா" என்பாள். நன்றாகச் சிரிப்பாள், நன்றாகச் சாப்பிடுவாள். ஒருவர் சொல்வதை முடிக்கும் வரை கேட்டுவிட்டுத்தான் பேசுவாள். எங்கள் வீட்டில் அந்தக் கடைசிக் குணம் எவருக்கும் கிடையாது.

மகள் அவளிடம் கேட்கவே இல்லை. துக்கத்தைச் சொல்லி அழுதாள், அவ்வளவுதான். அந்தப் பெண் லீக்சை நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட எடுக்க மாட்டாங்களாக்கா?"

மகள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? எனக்கு ரெண்டு இருக்கு, போதும். மாசா மாசம் சும்மாதானே போகுது."

இதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கும் என்று நான் நெடுநாள் தேடினேன். எங்களுக்கு அவள் எந்தக் கடமையும் பட்டவள் அல்ல. புண்ணியம் என்றோ சேவை என்றோ ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. பிறகு ஒருநாள் நேராகவே கேட்டேன். "அக்கா அழுதாங்கப்பா," என்றாள். நான் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அவளுடைய கணவர் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். வைத்தியர் மருந்தையும் ஊசியையும் விளக்கினார். வயிற்றில் தினமும் ஊசி போட்டால் ஒன்றுக்குப் பதில் பல முட்டைகள் ஒரே சமயத்தில் முற்றும். மயக்கம் கொடுத்து ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். வயிறு ஊதலாம், சிலருக்கு நீர் கட்டி ஆஸ்பத்திரியில் கிடக்க நேரலாம், அபூர்வமாக இரத்தம் கசியலாம். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவளுக்கு உசிருக்கு ஒண்ணும் வராதே?" என்று ஒரே கேள்வி கேட்டார். வைத்தியர் வாக்குறுதி ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த ஆபத்து மிகவும் குறைவு என்றார். கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். கையெழுத்து வைத்தார். இப்படி ஒரு சம்மதத்தை என் தொழிலில் நான் கண்டதில்லை. ஒரு பேர்ச் துண்டுக் காணிக்கு அண்ணன் தம்பி பத்து வருடம் வழக்குப் பேசக் கோட்டுக்குப் போவதைத்தான் கண்டிருக்கிறேன்.

ஆனால் நிலையத்துக் கையெழுத்து எனக்குப் போதவில்லை. அது வைத்தியரைக் காப்பாற்ற எழுதியது. என் மகளைக் காப்பாற்ற எழுதியதல்ல. ஆகவே எனக்குத் தெரிந்த முறையில் ஒன்றை எழுதினேன். கண்டியச் சட்டத்தில் நன்கொடை கொடுத்தவர் பின்னாளில் அதைத் திருப்பி எடுக்கலாம். திருப்பி எடுக்கும் உரிமையைக் கைவிடுகிறேன் என்று உறுதியிலேயே எழுதியிருந்தால்தான் தப்பலாம். இந்தப் பெண்ணுக்கும் கண்டியச் சட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நாற்பது வருடப் பழக்கம். அந்த வாசகத்தை மூன்று இடங்களில் போட்டேன்.

அவள் வந்தபோது அதை நீட்டினேன். நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் தோள் குலுங்கத் தொடங்கியது.

"அக்கா, இங்க வாங்க, அப்பாவப் பாருங்க! வடக்கு எல்லை, கிழக்கு எல்லைன்னு போட்டு வெறுமையா விட்டிருக்காரு. எனக்கு எங்கப்பா எல்லை? வடக்கால கம்பளை, தெக்கால இறம்பொடைன்னு போட்டுருவமா?"

பழைய காணி உறுதி ஒன்றைப் பார்த்து எழுதியதில் எல்லை அட்டவணையும் வந்துவிட்டிருந்தது. மகள் சிரித்தே களைத்துப்போனாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். ஆகவே நானும் கோபிக்கவில்லை.

"திருப்பிக் கேட்டா எங்க வைக்கிறது அப்பா, சொல்லுங்க," என்றாள் அவள், தாள்களை மடித்து என் கையில் கொடுத்து. "வேணும்னா வைக்கிறேன் கையெழுத்து. ஆனா இதைக் கொண்டு எந்தக் கோட்டுக்குப் போவீங்க?"

நான் கையெழுத்து வாங்கவில்லை. தாள்களை அலுமாரியில் வைத்தேன்.

ஊசிகள் தொடங்கின. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் தானே வயிற்றில் போட்டுக்கொள்வாள். சில நாள் இடைவெளியில் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்து ஸ்கேன் பார்க்க வேண்டும். மருந்தின் அளவு மாறலாம் என்பதால் மீதி மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சூடு படக்கூடாத மருந்து. ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்கில் வைத்துக்கொண்டு வருவாள். போகும்போது வயிறு கனக்கிறது என்பாள். பஸ் குலுங்கும்போது கையால் தாங்கிக்கொள்வேன் என்பாள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இதெல்லாம் ஒரு ஆளுக்குத் தெரியாமல் நடந்தது. மருமகனின் தாய். என் சம்பந்தியம்மா.

அவர் நாவலப்பிட்டியில் பலசரக்குக் கடை நடத்திவந்த விதவை; அந்த ஆசிரியையும் பிள்ளைகளோடு அவர் கடைக்குப் போவதுண்டு. கலவரத்தில் கடை வாசலில் தனியே நின்று, வந்தவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசி, ஒரு பூட்டும் உடையாமல் திருப்பி அனுப்பியவர் என்று அந்த ஊரில் பெயர். எவ்வளவு பேசினார், என்ன பேசினார் என்று எவருக்கும் சொன்னதில்லை. மருமகன் ஒரே பிள்ளை. வங்கியில் பொறுப்பான வேலையில் இருப்பவர். ஆனால் அம்மா வேண்டாம் என்றால் சட்டையைக்கூட மாற்றிவிடுவார். கரு நிலைத்த பிறகு அம்மாவுக்குச் சொல்லலாம் என்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் யார் என்னைக் கேட்டார்கள்?

அது கடைசி ஸ்கேன் நாளாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மா முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பெட்டி நிறையக் கடைச் சாமானோடு வந்து இறங்கியிருந்தார். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் முன்விறாந்தையில் இருந்தேன். அந்தப் பெண் வரவேண்டிய பஸ் வந்திருக்க வேண்டும், அவள் வரவில்லை. தொலைபேசி அடித்தது. நான் எழுந்து போகுமுன் சம்பந்தியம்மா எடுத்துவிட்டார்.

முதலில் "ஹலோ" என்றார். பிறகு சிங்களத்துக்கு மாறினார். முகம் இறுகியது. ஒரு கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார், எதிரே யாரோ நிற்பதுபோல. நடந்ததைப் பிறகுதான் கோர்வையாகக் கேட்டறிந்தோம். பேராதனைக்கு அருகே சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பை பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்கைத் திறந்தால் ஐஸ், சின்னக் கண்ணாடிப் போத்தல்கள், ஊசிகள். வைத்தியரின் கடிதம் இருந்தது. ஆனால் நிலையத்தின் கோப்பு என் மகளின் பெயரில்; கடிதமும் மருந்தும் அதே பெயரில். அடையாள அட்டையோ இவள் பெயரில். ஒருத்தியின் மருந்தை மற்றவள் ஏன் கொண்டுபோகிறாள் என்று பொலிஸ்காரப் பெண் கேட்டிருக்கிறாள். பஸ் போய்விட்டது. இவள் எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் நான் கேட்டது இவ்வளவுதான். "ஒவ், ஒவ்," என்று ஆமோதித்தார் சம்பந்தியம்மா. அது எங்கள் வீடுதான், அந்தப் பெயர் என் மருமகளுடையதுதான், அவளுக்குப் பிள்ளை இல்லை, மருந்து எடுக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு ஒரு கணம்கூடத் தயங்காமல், "ஏ அபே லேலிகே நங்கி" என்றார். அவள் எங்கள் மருமகளின் தங்கச்சி. மழை வருமுன் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடு மகளே, உனக்குப் புண்ணியம் கிடைக்கும் என்றும் சேர்த்தார்.

தொலைபேசியை மெதுவாக வைத்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த டீச்சர் புள்ள கொண்டு வர்ற ஊசி யாருக்கு சம்பந்தி? யாரு போடுறது?"

எனக்குப் பொய் வராது. வந்தாலும் உடனே வராது. சொன்னேன். எனக்குத் தெரிந்த வரிசையில், இரத்தப் பரிசோதனை முதல் கணவரின் சம்மதம் வரை.  எல்லாம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"எம்மகன் சம்மதிச்சானா?"

"ஓம்."

"அண்ணான்னு கூப்பிடுறவகிட்ட?"

முட்டையை வெளியே சேர்ப்பது, கண்ணாடிப் பாத்திரம், மயக்கம் ஒன்றும் அவருக்குப் பிரச்சினை இல்லை. யாரோ ஒருத்தி கொடுத்திருந்தால் தானே கோயிலில் அர்ச்சனை செய்திருப்பேன் என்றார். அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்ட பெண்ணின் முட்டையும் மகனின் வித்தும் சேர்வதா? நான் அது வெறும் மரியாதைக் கூப்பிடல், இரத்த உறவல்ல என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சம்பந்தி, நீங்க படிச்சவங்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. அவ எம்மகனுக்குத் தங்கச்சின்னா பொறக்குற புள்ளைக்கு என்ன வேணும்?"

"அத்தை."

"அத்தை மகன் என்ன வேணும்?"

முறையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். முட்டை கொடுக்கிறவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். எங்களுக்குப் பெண் பிறந்தால், ஊர் முறைப்படி அந்தப் பையன்கள் எங்கள் பேத்திக்கு முறை மாப்பிள்ளைகள். இரத்தப்படி ஒரே தாயின் பிள்ளைகள்.

எத்தனை சட்டப் புத்தகம் பார்த்தேன், எத்தனை கவலைப்பட்டேன். இந்தக் கவலை எனக்கு வரவில்லை.

பின்னேரம் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் சாவடியிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து, நிலையத்தில் ஸ்கேன் முடித்து, பிளாஸ்கோடு வந்து சேர்ந்தாள். முட்டைகள் நன்றாக முற்றிவிட்டன, இன்னும் இரண்டொரு நாளில் எடுக்க வேண்டும், இனிப் பின்போட முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மருமகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தவுடனேயே சுருங்கிவிட்டார். எடுக்கிற அன்று அவர் நிலையத்துக்கு வராவிட்டால் எல்லாம் முடிந்தது. மகளுக்கு அது தெரியும்.  கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். வெளுத்திருந்த விரல் மூட்டுகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்னடா, உனக்கு முறை தெரியாதா?" என்றார் சம்பந்தியம்மா மகனிடம்.

"அம்மா... டாக்டர்..."

"டாக்டரா உன் மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறா?"

அந்தப் பெண் பையைக் கீழே வைத்தாள். முழுவதையும் கேட்டாள், வழக்கம்போல. பிறகு சம்பந்தியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரே அல்ல, பக்கத்தில்.

"அம்மா, யாரோ ஒருத்தி குடுத்தா பரவால்லன்னீங்களாம். அந்த யாரோ ஒருத்தியோட புள்ளைங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னு நமக்குத் தெரியுமா? நாளைக்கு நம்ம புள்ள எவனையோ காட்டி இவன்தான்னு சொன்னா, நாம எதை வச்சுத் தடுக்கிறது? என் பசங்க ரெண்டும் உங்க கடையில மிட்டாய் திருடித் தின்னவனுங்க. உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா முறை மாறிடுமா?"

"அக்கான்னு கூப்பிடுறேன். அக்கா புருஷனை அண்ணான்னு கூப்பிட்டது என் பிழைதான். அக்காவக் கூட்டிப்போக வரும்போது இஸ்கூல்ல எல்லாரும் அப்படிக் கூப்பிட்டாங்க, நானும் கூப்பிட்டேன். ஆனா அம்மா..." குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னைக்கு அந்தப் பொலிஸ்காரம்மா என்னைய விட்டது எதனால? 'உன் அக்காவோட மாமியார் பேசினாங்க, நீ தங்கச்சியாமே, போ' ன்னு சொல்லித்தான் பஸ்ல ஏத்துனா. மருமகளோட தங்கச்சின்னு அரசாங்கத்துக்கே சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து மகனோட தங்கச்சின்னா எப்படி?"

 நான் தொழில் முறையில் எத்தனையோ சாட்சிகளைக் கண்டவன். தன் வாய்மொழியாலேயே இவ்வளவு அழகாக மாட்டிக்கொண்ட சாட்சியைக் கண்டதில்லை. சம்பந்தியம்மாவின் உதட்டோரம் துடித்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் விலையை ஒரேயடியாகக் குறைக்க மாட்டார்.

"அப்போ இந்த நிமிஷத்தோட அண்ணாவை விட்டுரு."

"விட்டேன்."

"பொறக்குற புள்ள உன்னைச் சித்தின்னுதான் கூப்பிடணும். உன் பசங்க அதுக்கு அண்ணனுங்க. நாளைக்கு வாய் தவறி ஒருத்தரும் மாத்திச் சொல்லக் கூடாது. நீங்களும்தான் சம்பந்தி."

"சரி," என்றேன்.

"கூப்பிட்டுக் காட்டு."

அவள் எழுந்து மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து மருமகனிடம் நீட்டினாள். "அத்தான், சீனி போதுமா?"

மருமகன் காது வரை சிவந்து, கோப்பையை வாங்கத் தெரியாமல் வாங்கி, பாதியைக் கட்டியிருந்த சாரத்தில் ஊற்றிக்கொண்டார். மகள் அழுதாள். சிந்திய தேத்தண்ணியைத் துடைக்கத் துணி எடுக்கப் போனது சம்பந்தியம்மாதான்.

முட்டை எடுத்த அன்று நான் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்று கிடைத்தன என்று தாதி சொன்னாள். அடுத்த நாள் ஏழு கருவாகியிருந்தன. அதில் இரண்டை மகளின் வயிற்றில் வைத்தார்கள். ஒன்று தங்கியது. இந்த எண்கள் இறங்கி இறங்கி வந்ததை நான் எப்படித் தாங்கினேன் என்று கேட்க வேண்டாம். புசல்லாவைக்காரிக்கு வயிறு ஊதிவிட்டது. மூச்சுவிடக் கஷ்டப்பட்டாள். எங்கள் வீட்டிலேயே படுத்திருந்தாள். சம்பந்தியம்மா நாவலப்பிட்டிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து அவளுக்குக் கஞ்சி காய்ச்சினார், நீர் குடித்ததையும் போனதையும் வைத்தியர் சொன்னபடி கவனித்தார். ஊதல் வடிந்ததும் அவள் பஸ் ஏறிப்போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். எவரும் அவளுக்கு மாலை போடவில்லை. அவள் என்ன செய்தாள் என்று தெரிந்தவர்களே ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள்.

பிறந்தது பெண். பிறப்பைப் பதிய நானும் மருமகனும் போனோம். பதிவாளர் ஒவ்வொரு நிரலாகக் கேட்டார். தந்தையின் பெயர், இனம், பிறந்த இடம். தாயின் பெயர், வயது. பெற்றோர் விவாகம் செய்தவர்களா? பாட்டனாரின் பெயர்கூடக் கேட்டார். நான் ஒவ்வொரு நிரலுக்கும் அடுத்த நிரலில் அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சட்டத்தரணி சொன்னது சரிதான்: பெற்றவள் தாய். பதிவாளர் முத்திரை குத்தினார். வெளியே வந்து, ஆலமரத்தடியில் நின்று மருமகன் தன் பெட்டியில் வைத்திருந்த மிட்டாயை எனக்குக் கொடுத்தார். அடுத்த வருடம் போர் முடிந்தது.

பேத்திக்கு விபரம் தெரிகிற வயதில் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் பயந்தேன். பிள்ளை கேட்டுவிட்டு, "அதுதான் சித்திக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் காதா?" என்று கண்ணாடிக்கு முன் போய் நின்றாள்.

இப்போது பேத்திக்குப் பதினாறு. புசல்லாவைக்காரியின் இளைய மகன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்; விடுதி கிடைக்காததால் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். இருவரும் குளியலறைக்குச் சண்டை பிடிப்பார்கள், கணக்குப் பாடத்துக்குச் சண்டை பிடிப்பார்கள். சம்பந்தியம்மாவும் கடையை விற்றுவிட்டு எங்களோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். முன்விறாந்தையில் கதிரையைப் போட்டால் மாலை வரை எழுவதில்லை. காது சரியாகக் கேட்பதில்லை என்று எல்லோரும் நம்புகிறோம்.

போன மாதம் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா பெருநாள் சாப்பாடு கொண்டு வந்தார். பிள்ளைகள் இருவரும் படிக்கட்டில் ஒரே தட்டிலிருந்து தேங்காய்ப்பால் வட்டிலப்பத்தைப் பறித்துத் தின்று கொண்டிருந்தார்கள். அவர் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல சோடி. ஒங்களுக்கு மாப்புள தேடுற வேலையே இல்ல. ஊட்டுக்குள்ளயே இருக்கிறாரே."

 என் அலுமாரியில் அந்தப் பழைய தாள்கள் இன்னும் இருக்கின்றன, எல்லைகள் வெறுமையாக. பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். நான் என்ன சொல்வது, எதுவரை சொல்வது என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கதிரையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணன் தங்கச்சி அதுங்க. சித்தி மகன். வட்டிலப்பம் நல்லாருக்கு, இன்னொரு துண்டு வையுங்க."